என் கையெழுத்தைத் திரும்பக் கேட்டு ஒரு மடல்

நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், மரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவினருக்கும் வணக்கம்.

மாலையில் பறவைகள் கூட்டமாக வந்து அடைந்து எச்சம் போடுகின்றன என்று, பஸ் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மூன்று தூங்குமூஞ்சி மரங்களையும் வெட்டச் சொல்லி நம் ஊர்க் கடைக்காரர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், பயணிகள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த மனு உங்கள் கோப்பில் இருக்கும். அதன் இரண்டாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவது வரியில், நீல மையில், மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக ஒரு கையெழுத்து இருக்கும். அது என்னுடையது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதைச் சொல்ல நேரிலேயே வந்தேன். கொடுத்த மனுவிலிருந்து ஒருவர் மட்டும் விலகுவதற்குப் படிவம் எதுவும் இல்லை என்று முகப்பில் இருந்த பெண் பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. முப்பத்தோரு வருடம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன் நான். படிவம் இல்லாத வேலை எப்படி அந்தரத்தில் தொங்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இந்த மடல்.

முதலில், நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மனு கொடுத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மாலை ஆறரை மணிக்கு மேல் அந்த மரத்தடியில் நிற்க முடியாது என்பது உண்மை. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகள் குடை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நாசி லெமாக் விற்கும் அக்கா தன் மேசைக்கு மேல் இரண்டு தார்ப்பாய் கட்டியிருக்கிறார். மேல் தார்ப்பாய் பறவைக்கு, கீழ்த் தார்ப்பாய் மேல் தார்ப்பாய் ஒழுகினால் பிடிப்பதற்கு. என் கதை இன்னும் கேவலம். பேத்தியின் காதணி விழாவுக்குப் போக வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, ஹோண்டா கப் வண்டியை எடுக்கப் போனேன். இருக்கையில் ஒரு பூசு, தோளில் ஒரு சொட்டு. சொட்டு ஊதா நிறத்தில் இருந்தது. அன்றைக்கு மறுநாள் மனு என் முன்னால் வந்தது. பேனாவை நானே கேட்டு வாங்கினேன்.

அந்த ஊதா நிறத்தில்தான் என் மனம் மாறத் தொடங்கியது. அதற்கு வருவதற்கு முன், நீங்கள் மரத்தில் கட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

‘பறவைத் தொல்லை’ என்ற தலைப்பின் கீழே நீங்கள் போட்டிருக்கும் படம் குயிலுடையது. ஆண் குயில். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண் என்று யாரோ தேடி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதன் வெளுத்த அலகையும் நீண்ட வாலையும் பார்த்தாலே தெரிந்துவிடும். குயில் ஆயிரக்கணக்கில் கூடி ஒரே மரத்தில் தூங்காது. காக்கைக் கூட்டில் முட்டை இட்டுவிட்டுத் தன் வழியே போகும். உங்கள் அறிவிப்பின்படி பார்த்தால், செய்யாத குற்றத்துக்குக் குயில் தேடப்படுகிறது.

நம் மரத்துக்கு வருவது வேறு. மலாய்க்காரர்கள் அதைப் பெர்லிங் என்கிறார்கள். முழுப் பெயர் பெர்லிங் மாத்தா மேரா, சிவப்புக்கண் பெர்லிங். மைனாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயரில் பிலிப்பீன்ஸின் பனாய்த் தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடகிழக்கு இந்தியாவிலும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் தொடங்கி நம் மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, பிலிப்பீன்ஸ், சுலாவெசி வரை பரவியிருக்கிறது. அந்தமான் வரை வந்த பறவை அங்கிருந்து கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போகவில்லை. அதனால் நம் பழைய பாடல்களில் தேடினால் கிடைக்காது. என் பாட்டி மட்டும் அதற்குச் செங்கண்ணி என்று பெயர் வைத்திருந்தார். ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் இந்த மடலில் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். ஒரு பறவைக்குத் தமிழில் பெயர் வைக்க என் பாட்டிக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்பு. தினமும் பார்க்கிறவர்களும் கறுப்பு என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் நாம் அதைப் பார்ப்பது மாலை மங்கலில், மரத்தின் உச்சியில். பகலில் ஒருமுறை பாருங்கள். என் வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில், தானாக முளைத்த செரிப்பழ மரம் ஒன்று நிற்கிறது. காலை ஒன்பது மணி வெயில் அதன் மேல் சாய்வாக விழும். ஒருநாள் சமையலறை ஜன்னலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தபோது ஒரு செங்கண்ணி கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். கழுத்தைத் திருப்பியபோது கறுப்பு பச்சையாயிற்று. கல்யாணக் கடையில் மயில்கழுத்துப் பட்டை விரித்து வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டுவார்களே, அந்தப் பச்சை. இறக்கை ஓரத்தில் கொஞ்சம் நீலம் ஓடியது. கண் குன்றிமணி. சுற்றிலும் சிவப்பு, நடுவில் கறுப்புப் பொட்டு, அச்சு அசல் குன்றிமணி. பழத்தை அலகால் பிடித்து ஒரு திருகு திருகியது. காம்பு மரத்தில் நின்றது, பழம் தொண்டைக்குள் போனது. பக்கத்தில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. குஞ்சு என்றால் தாயளவு பெரிசு. ஆனால் பளபளப்பு இன்னும் ஏறவில்லை. வயிறு முழுவதும் அழுக்கு வெள்ளையில் கறுப்புக் கீற்று. பள்ளிச் சீருடையில் மை கொட்டியது போல இருந்தது. இந்தக் கீற்றுக் குஞ்சுகளைப் பார்த்து, ‘இது வேறு ஜாதிக் குருவி’ என்று கோப்பிக் கடையில் என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

பாட்டு என்று சொல்லிக்கொள்ளும்படி அதற்கு ஒன்றும் இல்லை. கூரான, உலோகத்தைத் தட்டியது போன்ற ஒரு விசில். காட்டில் பாடும் ‘முரை பத்து’ என்ற குருவி என்றால் அதற்குப் போட்டி வைப்பார்கள், ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்குவார்கள், அதனாலேயே காட்டில் அதைப் பிடித்துப் பிடித்துக் குறைத்துவிட்டார்கள். செங்கண்ணிக்கு அந்த ஆபத்து கிடையாது. சுமாராகப் பாடுவதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

இப்போது அந்த ஊதாவுக்கு வருகிறேன். காதணி விழா முடிந்து வந்து வண்டியின் இருக்கையைச் சுரண்டினேன். காய்ந்த எச்சத்தில் மணல் மாதிரி ஏதோ நறநறத்தது. விதைகள். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. செரிப்பழ விதை அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பெரிதாக இருந்தவை ஆல், அத்தி வகை. கோபத்தில் ஒன்றும் தோன்றாமல் அந்தச் சுரண்டலை ஒரு மைலோ டின்னில் மண்ணோடு போட்டுவைத்தேன். கோபத்தில் ஏன் மண்ணில் போட்டாய் என்று என் மனைவியும் கேட்டார்; பதில் இல்லை. சில வாரத்தில் டின் விளிம்பு வரை பச்சை. இப்போது அது ஏழு கன்றாக நிற்கிறது. என் தோளில் விழுந்த அசிங்கம் என்று நான் கையெழுத்துப் போட்டது இதன் மேல்தான்.

இதனால் பறவை எதைச் செய்தாலும் நல்லது என்று சொல்ல வரவில்லை. அதே விதை மாரியம்மன் கோயில் கோபுரத்தின் இரண்டாம் நிலையில், ஒரு பொம்மையின் கக்கத்தில் விழுந்து, அரசங்கன்றாக முளைத்துச் சுதையைப் பிளந்திருக்கிறது. வருடா வருடம் ஆள் ஏற்றிப் பிடுங்குகிறோம். வேர் உள்ளே நின்றுவிடுகிறது. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் என் மைத்துனர் மனுவில் என் பெயருக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் காரணம் நியாயமானது, அவர் திரும்பப் பெறவும் மாட்டார்.

ஆனால் செங்கண்ணி எதற்காக ஊருக்குள் வந்தது? இந்தக் கேள்வியை மனுவில் யாரும் எழுதவில்லை. பதிலில் என் கையெழுத்தும் இருப்பதால் நான் எழுதுகிறேன்.

அது காட்டுப் பறவை. தாழ்நிலக் காட்டிலும், ஆற்றுமுகத்தில் இருக்கும் பாக்காவ் என்னும் அலையாத்திக் காட்டிலும் வாழ்ந்தது. கூட்டைத் தானாகப் பின்னத் தெரியாது; பொந்து வேண்டும். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து, உளுத்த மரத்தில் தானாக விழுந்த ஓட்டை, இப்படி ஏதாவது. அதற்குள் நீல முட்டைகள் இட்டு வளர்க்கும். நம் கரையோரம் தென்னந்தோட்டமாக இருந்த காலத்தில் அதற்கு ராஜ வாழ்க்கை. இடி விழுந்து தலை போன தென்னைகள் தோட்டம் முழுக்க நட்டுவைத்த கம்பம் போல நிற்கும். மொட்டைத் தென்னை என்போம். ஒவ்வொரு மொட்டையிலும் மேலே ஒரு பொந்து, கீழே ஒரு பொந்து. பாட்டி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்குப் போகும் வழியில், ‘பார், செங்கண்ணி மாடி வீட்டுக்காரி’ என்பாராம்.

இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, முதலில் நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. பிறகு நடந்ததை அந்தப் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. எங்கள் தோட்டத்தில் கித்தா என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. கடைசியாகக் கடலோரப் பிரிவில் தென்னை போய்ச் செம்பனை வந்தது. அப்போது மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை: மொட்டைத் தென்னை ஒன்றுகூட நிற்கக் கூடாது. காரணம் சரியான காரணம்தான். உளுத்த தென்னையிலும் அழுகிய பனைத் தண்டிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதற்குள்ளேயே கொழுத்து, வண்டாகி வெளியே வந்து, புதிதாக நட்ட செம்பனையின் குருத்தைத் துளைக்கும். விசிறியைக் கத்தரியால் வெட்டியது போல மட்டை விரியும், பார்த்திருப்பீர்கள். துரைக்கு அந்த மட்டையைப் பார்த்தால் முகம் சிவந்துவிடும்.

ஆகவே எத்தனை மொட்டை, எந்த வரிசை, எந்த நாள் வெட்டினார்கள், எத்தனை ஆள், என்ன கூலி என்று ஒரு பேரேடு. எழுதியது நான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டதும் நான். ஒருநாள் சாய்த்த மரத்தின் பொந்திலிருந்து உடைந்த நீல முட்டையோட்டை எடுத்து வந்து, ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் என் மேசையில் வைத்தார். ‘ஐயா, இதுக்கும் கணக்கு எழுதணுமா?’ என்றார். கிண்டலா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது. அந்த முட்டையோட்டை மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாளில் எறும்பு வந்தது.

வண்டுக்கு நாங்கள் பார்த்த நியாயம் அப்படி. எலிக்கு வேறு மாதிரி. செம்பனைக் குலையை எலி கடித்துத் தின்பதால் கூகையைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. கூகைக்கும் பொந்து வேண்டும், செம்பனையில் பொந்து இல்லை. உடனே தச்சரைக் கூப்பிட்டுப் பலகைப் பெட்டி செய்து, கம்பத்தின் மேல் ஏற்றி, வரிசைக்கு வரிசை நட்டோம். இன்றும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்த ஆந்தைப் பெட்டிகளைப் பார்க்கலாம். வேண்டிய பறவைக்கு வீடு கட்டிக்கொடுக்க நமக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

செங்கண்ணிக்கு யாரும் பெட்டி வைக்கவில்லை. அது தானாக வீடு தேடிப் பட்டணத்துக்கு வந்தது. தெருவிளக்குக் கம்பத்தின் வளைந்த குழாயில் மூடி கழன்ற இடம், கடை வீட்டு ஓட்டுக்குக் கீழே இருக்கும் சந்து, பழைய சினிமாக் கொட்டகையின் காற்றுத் துவாரம், இதெல்லாம் அதற்கு மொட்டைத் தென்னை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை உடைத்தபின் நம் ஜனங்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்தது போலத்தான். பாக்காவ் காடும் சுருங்கிவிட்டது. ஆற்றுமுகத்தில் பாதி இறால் குட்டை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மரத்தில் வந்து அடையும் கூட்டத்தில் செங்கண்ணி மட்டும் இல்லை. மைனா உண்டு, காக்கையும் உண்டு. காக்கை இந்த மண்ணின் பறவை அல்ல. ஏறத்தாழ 120 வருடங்களுக்கு முன்னால், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னும் என்று நினைத்து, சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவைத் தின்றதோ இல்லையோ, ஊரைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதைச் சுடுவதற்கு அதே கிள்ளானில் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்தார்கள். தோட்ட வேலைக்கென்று கப்பலில் கொண்டுவரப்பட்டு, பிறகு ‘ஏன் இத்தனை பேர்’ என்று கேட்கப்பட்ட கதை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆகவே காக்கையைப் பற்றி அதிகம் பேச எனக்கு வாய் வராது. செங்கண்ணி அப்படி வந்ததல்ல. அது இங்கேயே பிறந்தது. உண்மையில் வந்தேறி அந்தத் தூங்குமூஞ்சி மரம். அதன் ஊர் தென் அமெரிக்கப் பக்கம்.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம். மலாயில் அதற்குப் புக்கூல் லிமா என்று பெயர், ஐந்து மணி மரம். மாலையானால் இலை மடக்கிக்கொள்வதால் அந்தப் பெயர். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அப்போது நான் இளைய கிராணி. விடிவதற்கு முன்னாலேயே பெரட்டுக் களத்தில் ஆள் எண்ண வேண்டியிருந்ததற்காக அரசாங்கத்தை மனதுக்குள் திட்டினேன். மரத்துக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அது பழைய ஐந்து மணியையே வைத்துக்கொண்டது. பறவையும் அப்படியே. நம் கடிகாரத்தில் ஏழு மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது, ஆபீசும் பள்ளி மாலை வகுப்பும் விட்டு ஊரே பஸ் நிலையத்தில் நிற்கும் நேரம் அதுதான். கடிகாரம் பழையபடி இருந்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாது. மனுவும் கொடுக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட்ட குற்ற உணர்ச்சியில் பதினோரு மாலை அங்கே உட்கார்ந்து எண்ணினேன். எண்ணுவது என் தொழில். குலை எண்ணியவன் குருவி எண்ண மாட்டேனா என்று நினைத்தேன். நாலு கோடு போட்டு ஐந்தாவது குறுக்குக் கோடு. கோப்பிக் கடைச் சிப்பந்தி தே தாரிக் வைத்துவிட்டு, ‘சீட்டு எழுதுறீங்களா, அங்கிள்?’ என்று கேட்டான். ஆறு நாற்பதுக்கு முதல் கூட்டம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும். முப்பது, நாற்பது. நேரே மரத்தில் இறங்காது. வங்கிக் கட்டடத்தின் மேலிருக்கும் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும். ஏழு மணிக்குத் தோட்டப் பக்கத்துக் கூட்டம். ஏழு பத்துக்கு எண்ணிக்கை கைவிட்டுப் போய்விடும். வானம் முழுக்கக் கோடாகிவிடும், தாளில் போட நேரம் இருக்காது. ஆயிரத்தைத் தாண்டிய பிறகு நான் ஒருநாளும் எண்ணி முடித்ததில்லை. பிறகு யாரோ கயிற்றை இழுத்தது போல எல்லாம் ஒரே சுழற்சியில் மரத்துக்குள் போகும். சத்தம் ஏழு நாற்பது வரை. அதற்குப் பிறகு ஓரிரு முணுமுணுப்பு. எட்டு மணிக்கு அந்த மரத்தில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

அதாவது நம் தகராறு முழுவதும் ஒரு மணி நேரத் தகராறு.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். சந்தைக்குப் பின்னால் வரிசையாக நின்ற அங்சானா மரங்களை முன்பு வெட்டினார்களே, அந்தப் பறவைகள்தான் இப்போது பஸ் நிலையத்தில் இருக்கின்றன. சந்தைக்காரர்கள் அன்று பாயசம் கொடுத்தார்கள். நானும் ஒரு தம்ளர் குடித்தேன். இந்த மூன்றையும் சாய்த்தால் பஸ் நிலையத்துக்கு அடுத்துப் பெரிய மரம் இருக்கும் இடம் எது என்று நடந்து பார்த்தேன். ஒன்று மருத்துவமனை வாசல். மற்றொன்று தமிழ்ப்பள்ளித் திடல். இரண்டில் எது வேண்டும் என்பதை மனுவில் கையெழுத்துப் போட்டவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காக. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது சட்டம் 172இல், மரங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு இல்லாத மரமாக இருந்தாலும், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், உள்ளூர்த் திட்டமிடல் அதிகார அமைப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் சாய்க்கக் கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தான மரம் என்றால் விலக்கு உண்டு. என் மனைவியின் தையல் நாடாவோடு போய் அளந்தேன். நாடா எட்டவில்லை. மூன்று நாடா முடிச்சுப் போட்டு அளந்ததில் மூன்று மரத்திலும் சிறியது மூன்று மீட்டர் இருபது. பட்டுப்போகவும் இல்லை, சாயவும் இல்லை. அனுமதி கேட்க வேண்டியவரும் கொடுக்க வேண்டியவரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கிருக்கும் கவலை.

கூட்டத்தை விரட்ட மருந்து, துப்பாக்கி என்று யோசனை வந்திருப்பதாகவும் கோப்பிக் கடையில் பேச்சு. அப்படி எதுவானாலும் 2010ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை, சட்டம் 716ஐ, நடத்தும் பெர்ஹிலித்தான் துறையிடம் முதலில் கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம். பதிலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், குயில் படத்தை எடுத்துவிட்டு.

என்ன செய்யலாம் என்று கேட்டால், மரத்தின் உச்சியைக் கழியுங்கள். பறவை அடைவது இலை அடர்ந்த இடத்தில். உள்ளே காற்றும் தெருவிளக்கு வெளிச்சமும் போகிற மாதிரி கிளையை விலக்கி வெட்டினால் அங்கே கூட்டம் குறையும். மூன்றில் பஸ் நிலையத்தைப் பார்த்த இரண்டு மரத்தை மட்டும் அப்படிக் கழித்துவிட்டு, சாக்கடைப் பக்கத்து மூன்றாவது மரத்தைத் தொடாமல் விடுங்கள். அதன் கீழே ஆள் நிற்பதில்லை. வாடகைக் கார் நிறுத்துமிடத்தைப் பத்து அடி நகர்த்துவதற்குத் தரையில் புதிதாக மஞ்சள் கோடு போட்டால் போதும். பயணிகள் நிற்கும் இடத்துக்குக் கூரை கேட்டு நாங்கள் மனுக் கொடுத்தது நினைவிருக்கிறதா? அதிலும் என் கையெழுத்து இருக்கிறது. அதை நான் திரும்பப் பெறவில்லை.

பழைய ஆந்தைப் பெட்டி மாதிரியே சிறிய வாயுள்ள பெட்டிகளை ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் கம்பம் நட்டு வைக்கலாம். கூடு வைக்க இடம் அங்கேயே கிடைத்தால் கடை ஓட்டுக்குள் வராது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மைனாவே முதலில் குடியேறிவிடக்கூடும். ஆனால் பெட்டி செய்ய ஆகும் பலகை, மரம் வெட்டும் இயந்திரத்துக்கு ஒருநாள் கொடுக்கும் வாடகையைவிடக் குறைவு. தச்சர் வேலை தெரிந்த பழைய தோட்டத்து ஆள் இருவர் எனக்குத் தெரியும். கூலி வேண்டாம் என்கிறார்கள். சாப்பாடு வேண்டும் என்கிறார்கள்.

உங்களிடம் உண்மையிலேயே கோபப்படுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது மரம் இல்லை. காலை ஆறு மணிக்கு அந்த மரத்தடியைக் கூட்ட ஒப்பந்தக்காரர் அனுப்பும் வங்காளதேசத்துத் தம்பி. காய்ந்த எச்சத்தை ஈர்க்குமாற்றால் வறட்டு வறட்டென்று கூட்டுகிறார். புழுதி அவர் தலைக்கு மேல் எழும்புகிறது. முகத்தில் சட்டைத் துணி. நாள்பட்டுச் சேர்ந்த பறவை எச்சத்தில் வளரும் பூஞ்சணம் அந்தப் புழுதியோடு நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகுதான் அள்ள வேண்டும், முகக்கவசம் வேண்டும் என்பது எங்கும் சொல்லும் பாடம். நம் மனுவில் ‘பொதுமக்களின் உடல்நலம்’ என்று பெரிய எழுத்தில் போட்டோம். நம்மில் யாரும் அங்கே காலை ஆறு மணிக்கு இருப்பதில்லை. அவரிடம் நான் சைகையால் தண்ணீர், தண்ணீர் என்று சொன்னேன். எனக்குத் தாகம் என்று நினைத்துத் தன் பாட்டிலை நீட்டினார்.

தண்ணீர்க் குழாய் ஒன்று அந்த மூலையில் போட்டுக் கொடுங்கள். மரம் நின்றாலும் போனாலும் அது வேண்டும்.

என் கையெழுத்தை எடுத்துவிட்டால் மனுவில் ஒன்று குறையும், அவ்வளவுதான். அதனால் முடிவு மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் முடிவெடுக்கிறவர்கள் ஒரு மாலையாவது அங்கே வந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், இரவுச் சந்தைக் கூட்டம். செவ்வாய் அல்லது புதன். ஆறரைக்குக் கோப்பிக் கடையின் வெளிப்பக்கத்து மேசையில் நான் இருப்பேன்; தே தாரிக் என் கணக்கு. ஆறு நாற்பதுக்கு ஆற்றுப் பக்கம் பாருங்கள், வங்கிக்கு மேலே இருக்கும் கம்பியைப் பாருங்கள். காரை மட்டும் அஞ்சலகப் பக்கமாகவே நிறுத்திவிட்டு வாருங்கள். குடை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
மனுவின் இரண்டாம் பக்கம், ஏழாவது வரி